சிவப்பு அறுபத்தெட்டு

செத்துப்போன அப்பாவின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜெனிட்டா குனிந்து பார்த்தாள். சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் அழுகை சட்டென்று நின்றுபோனது.

"ஏய், இன்னாடி பண்ற? படுத்துகினு கீற மனுசன் கண்ண நோண்டிகினு..." சித்தி சரோஜா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடு சித்தி. பாக்கணும்."

"இன்னாத்த பாக்கப் போற? உசுரு இருக்கசொல்ல பாத்திருக்கணும்."

சித்தி யோசிக்காமல் சொன்ன வார்த்தைதான். ஜெனிட்டா கையை எடுத்துக்கொண்டாள். இமையின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசினது போல இருந்தது. செத்த உடம்பின் வெளுப்பு எதையும் நிரூபிக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மூன்று வருடமாக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். ஆனாலும் ஒரே ஒரு தடவையாவது நேரில், நடுவில் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

மோசஸுக்கு ஐம்பத்தாறு வயது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரை ரிசார்ட் ஒன்றில் புல்வெளிக்குத் தண்ணீர் விடும் வேலை. முட்டிவலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கின மாத்திரையை ஒரு வருடமாக வேளைக்கு ஒன்றாக விழுங்கியிருக்கிறார். அது வயிற்றுக்குள் புண்ணாகி, புண் ரத்தமாகி, இன்று விடியற்காலை செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், ஆட்டோவில், மனைவி ஜெசிந்தாவின் மடியிலேயே முடிந்துபோனது.

நேற்றுப் பதினோரு மணிக்குத்தான் ஒரு டாக்டர் அவரைப் பார்த்திருந்தார். பார்த்தார் என்றுதான் ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஏ.சி. அறையில், சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடி டி.வி.யில் பார்த்தார். அந்த டி.வி.யை இயக்கிக்கொண்டிருந்தவள் ஜெனிட்டா.

டிப்ளமா முடித்ததும் கிடைத்த வேலை அது. ஊரப்பாக்கத்தில் இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவாள். போன வருடம் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுடைய காலனிக்குப் பக்கத்திலேயே, சவுக்குத் தோப்பை ஒட்டி, ஒரு மையம் திறந்தார்கள். ஓர் அறை, ஒரு நர்ஸ், ஒரு கேமரா, மொட்டை மாடியில் குடையைக் கவிழ்த்தாற்போல ஒரு டிஷ். திறப்பு விழாவுக்குக்கூட யாரும் நேரில் வரவில்லை. நிர்வாக அதிகாரி ராமானுஜம் ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டு, திரைக்கு முன்னால் ஒரு ரிப்பனைக் கட்டி, அங்கேயே வெட்டினார். காலனி ஜனங்கள் கை தட்டினார்கள். அதற்கு முன்பு செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு டாக்டர் வேனில் வந்துகொண்டிருந்தார். மையம் வந்ததும் வேன் நின்றுபோனது. இனிமேல் தினமும் டாக்டர் உண்டே, செவ்வாய்க்கிழமை எதற்கு என்றார்கள்.

அந்த எந்திரத்தின் வேலை ஜெனிட்டாவுக்கு மனப்பாடம். கேமரா படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டும். மாறாத கட்டங்களை மறுபடி அனுப்பாமல், மாறுகிற கட்டங்களை மட்டும் வானத்துக்கு ஏற்றி இறக்கும். அதனால் ஆடாமல் உட்கார்ந்தால் முகம் தெளிவாக இருக்கும். இருமினால் முகம் உடையும். பேச்சு கொஞ்சம் பிந்தித்தான் வரும். கட்டில் நுனியில் உட்காருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் முதலில் சொல்வது, அசையாதீங்க என்பதுதான்.

டாக்டர் இல்லாத நேரத்தில் ஆஸ்பத்திரி அந்த இரண்டாவது மாடி அறையை வெளியாருக்கும் வாடகைக்கு விட்டது. ஒரு வக்கீல் வெளிநாட்டிலிருந்த சாட்சியிடம் விவரம் கேட்டார். பொத்தேரிப் பையன்கள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து இன்டர்வியூ கொடுத்தார்கள். கேமராவில் தெரியாது என்று கீழே லுங்கியோடு வந்தவனும் உண்டு. ஒரு பேராசிரியர் மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்தினார். மறைமலைநகர்க் கம்பெனி ஒன்றின் இன்ஜினியர் கார்க் கதவின் கைப்பிடியைக் கேமராவில் திருப்பித் திருப்பிக் காட்டி வெளிநாட்டுக்காரனோடு பேசினார். அளவெல்லாம் சரி என்று தலையாட்டிய அந்த வெள்ளைக்காரன் கடைசியில் ஒன்று சொன்னான். பெயின்டின் நிறத்தை மட்டும் இதில் பார்த்து ஒப்புக்கொள்ள முடியாது, சாம்பிளை கூரியரில் அனுப்பு என்றான். கதவுக் கைப்பிடிக்கு இருந்த மரியாதை அது.

அந்த டி.வி.யில் நிறத்தை மாற்றியவளும் ஜெனிட்டாதான். மையம் திறந்த இரண்டாவது மாதம், நன்கொடை கொடுப்பவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. ராமானுஜம் முதல் நாள் வந்து திரையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னம்மா, எல்லாரும் பொணம் மாதிரி தெரியறாங்க? பாக்கறவங்களுக்கு ஒரு களை வேண்டாமா?"

மையத்தின் ட்யூப்லைட் வெளிச்சம் அப்படி. லைட்டை மாற்றச் செலவாகும். ஜெனிட்டா ரிமோட்டை எடுத்து டி.வி.யின் மெனுவில் ரெட் என்பதை ஐம்பதிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். அறுபத்தெட்டில் அவர் கை தட்டினார்.

"ஆங், இப்பதான் மனுஷங்க மாதிரி இருக்காங்க. இத யாரும் தொடக்கூடாது."

அவரே ஒரு சீட்டில் எழுதி டி.வி.யின் ஓரத்தில் ஒட்டவைத்தார். கெட்டிக்காரப் பெண் என்று நாலு பேர் முன்னால் அவளைச் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, சனியன்.

அந்தத் திரையில்தான் நேற்று அப்பா வந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய். மகள் அந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதால் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. வயிறு எரியுது, தலை சுத்துது, ரெண்டு தரம் வாந்தி என்றார். டாக்டர் ராகவன் தலையசைத்துக்கொண்டே கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்திருந்தார்.

"சார், பேஷன்ட் ரொம்ப வெளுத்துக் கீறாரு. பல்ஸ் நூத்திப் பத்து" என்றாள் நர்ஸ் அமிர்தவல்லி.

"வாந்தி எடுத்தா பல்ஸ் ஓடத்தான் செய்யும். கண்ணக் கீழ இழுத்துக் காட்டுங்க."

அமிர்தவல்லி இழுத்துக் காட்டினாள். உடம்பில் ரத்தம் குறைந்தால் இமையின் அந்த உள்பக்கம் வெளுத்துத் தெரியும். ராகவன் திரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தார்.

"நல்லா செவப்பாத்தானே இருக்கு."

"நேர்ல வெளுப்பா கீது சார்."

"அப்ப நான் பாக்கறது என்னம்மா? நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். கேஸ் ட்ரபிள்தான். ஒரு ஊசி போட்டு அனுப்புங்க, திங்கக்கெழம வரட்டும்."

பக்கத்திலேயே நின்ற ஜெனிட்டா வாயைத் திறக்கவில்லை. டாக்டர் நோயாளியோடு பேசும்போது ஆபரேட்டர் பேசக்கூடாது என்பது விதி. ஆனால் அவள் விதிக்காகப் பேசாமல் இருக்கவில்லை. அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைவிட அப்பாவின் முகம் தெளிச்சியாக இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்ததும் இப்போது அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"மூணு நாளா வெளிக்கி தாரு மாரி கருப்பா போச்சுடி அவருக்கு" என்று அம்மா ஜெசிந்தா பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "டாக்டராண்ட சொல்லுய்யான்னேன். பொண்ணு நின்னுகினு இருக்கும், பொண்ணு எதுர அத்தயெல்லாம் எப்டி சொல்றதுன்னுட்டாரு. வேன்ல வர்ற டாக்டரா இருந்தா காதாண்ட சொல்லியிருப்பாரு."

ஜெனிட்டா எழுந்து பந்தலுக்கு வெளியே வந்தாள். நாலு மணிக்கு சர்ச்சில் மணி அடிக்கும், பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணியதும் பெட்டியைத் தூக்குவார்கள். இப்போது மணி இரண்டேமுக்கால் இருக்கும்.

அமிர்தவல்லி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நாற்பது வயதுக்காரி, திருக்கழுக்குன்றம் பக்கம். காலையிலேயே வந்து அழுதுவிட்டுப் போனவள் மறுபடி வந்திருக்கிறாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"இன்னா சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல ஜெனி. நீ போய் அம்மாவப் பாரு."

"கையில இன்னா?"

அமிர்தவல்லி தாளை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். ஜெனிட்டா அதை வாங்கிப் படித்தாள். மையத்துப் பிரின்டருக்கு ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த அறிக்கை. நல்ல தமிழில் இருந்தது. நோயாளி வெளுத்திருந்ததை மையச் செவிலியர் மருத்துவருக்குத் தெரிவிக்கத் தவறிவிட்டார் என்றும், அதனால் உரிய சிகிச்சை தாமதமானது என்றும், மேற்கண்டவை உண்மை என்று செவிலியர் ஒப்புக்கொள்கிறார் என்றும் மூன்று வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"திங்கக்கெழம டொனேசன் குடுக்குறவங்க வராங்களாம். அதுக்குள்ள ரிப்போர்ட் முடிக்கணுமாம். மூணு மணிக்கு வீடியோல என்கொயரி. கையெழுத்துப் போட்டு கேமராவுல காட்டணுமாம்" என்றாள் அமிர்தவல்லி. "போட்டா வேற எடத்துக்கு மாத்திடுவாங்களாம். போடலன்னா கான்ட்ராக்ட் கட்டுன்றாரு ராமானுஜம் சார். ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க, ஜெனி."

அப்பாவின் உடம்பு இன்னும் மண்ணுக்குப் போகவில்லை. அதற்குள் அவர் சாவுக்கு ஒரு ஆளைப் பிடித்து, தமிழில் டைப் அடித்து, கோடும் போட்டு அனுப்பிவிட்டார்கள். பிடித்ததும் யாரை? அத்தனை பேரில் உண்மையைச் சொன்ன ஒரே ஒருத்தியை.

"நீ ரெண்டு வாட்டி சொன்ன சிஸ்டர். என் காதால கேட்டேன்."

"உன் காதுல கேட்டு இன்னா ஆவப் போவுது?"

"வா, போலாம்."

"எங்க? பாடி கீது வூட்டுல..."

"வான்றேன்ல."

சித்தி பின்னாலிருந்து கூப்பிட்டாள், எங்கடி போற, ஊரே பாக்குது என்றாள். ஜெனிட்டா திரும்பவில்லை. சவுக்குத் தோப்பு மணலில் செருப்பு புதைந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். சொன்னால் தன் வேலையும் போகும் என்பது நடக்கும்போதே தெரிந்தது. அம்மாவுக்கு இனி அவள் சம்பளம் மட்டும்தான். நிறத்தை ஏற்றிய விரல் அவளுடையது; அதை ஊர் கேட்டால் அப்பனைக் கொன்றவள் என்றுகூடச் சொல்லும். சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

மையத்தில் லைன் ஏற்கனவே வந்திருந்தது. திரையில் ராமானுஜமும் டாக்டர் ராகவனும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அவளுடைய இடத்தில், இன்றைக்கு டூட்டி பார்க்கிற கலைவாணன் நின்றிருந்தான். திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம். இங்கிருந்து போகிற படம் அதில் தெரியும். அங்கே அதைப் பார்க்கிற டி.வி. வேறு.

நோயாளிகள் உட்காருகிற கட்டில் நுனியில் ஜெனிட்டா போய் உட்கார்ந்தாள். நேற்று அந்தப் பக்கம் இருந்தவள். சாவுக்கென்று அம்மா துணிப்பெட்டியில் வைத்திருந்த வெள்ளை வாயில் புடவையைக் காலையில் அவளுக்குச் சுற்றிவிட்டிருந்தார்கள். கரைகூட இல்லாத புடவை. மூலைக் கட்டத்தில் அவள் ஒரு வெள்ளைப் புள்ளியாக இருந்தாள்.

ராமானுஜம் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நீ எதுக்கும்மா வந்த இந்த நேரத்துல? அப்பா விஷயம் ரொம்ப வருத்தம். அமிர்தவல்லி எங்க?"

பிறகு டாக்டர் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மைக்கை அணைக்க மறந்திருந்தார். பேச்சு கொஞ்சம் பிந்தி, ஆனால் தெளிவாக வந்து சேர்ந்தது.

"அப்பன் செத்த அன்னைக்கு ரோஸ் கலர் புடவை கட்டிக்கிட்டு வந்திருக்கா பாருங்க. என்ன ஜனங்களோ!"

அமிர்தவல்லி திடுக்கிட்டு ஜெனிட்டாவின் புடவையைப் பார்த்தாள். ஜெனிட்டாவும் குனிந்து தன் மடியைப் பார்த்தாள். பிறகு ஜெனிட்டாவின் உடம்பில் சூடு பரவியது. அழுகை இல்லை அது. காலையிலிருந்து யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அலைந்த கோபம் ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"டாக்டர் சார்" என்றாள். "நான் இன்னா கலர் பொடவ கட்டிகினு கீறேன்?"

ஆஸ்பத்திரியில் மூன்று வருடமாக அவள் பேசிய நாகரிகத் தமிழ் இப்போது வரவில்லை. வரவழைக்கவும் அவள் விரும்பவில்லை.

"என்னம்மா கேள்வி இது?" என்றார் ராமானுஜம்.

"உங்கள கேக்கல சார். டாக்டரக் கேக்குறேன். பாத்துச் சொல்லுங்க சார், இன்னா கலர்?"

ராகவன் முன்னால் குனிந்தார். "ரோஸ்... லைட் ரோஸ்."

"சிஸ்டர், நீ சொல்லு."

அமிர்தவல்லி கேமராவுக்குள் வந்து நின்றாள்.

"வெள்ளை சார். சுத்த வெள்ளை."

"நேத்தும் இவங்க இத்ததான் சொன்னாங்க. ரெண்டு வாட்டி சொன்னாங்க. நீங்க டி.வி.ய நம்புனீங்க" என்றாள் ஜெனிட்டா. "நானும் நம்புனேன். அந்த டி.வி.ல ரெட்ட அறுபத்தெட்டுல ஏத்தி வெச்சது நான்தான். ஏத்தச் சொன்னது உங்க பக்கத்துல கீற சார். பொணம் மாரி தெரியறாங்கன்னாரு. எங்க அப்பாவ மனுசன் மாரி காட்டிட்டேன் சார். நல்லா செவப்பா காட்டிட்டேன்."

ராமானுஜத்தின் கை மேஜை மேல் ஊர்ந்து மைக் பக்கம் போனது. "இந்த நேரத்துல அந்தப் பொண்ணு ஏதோ... கலைவாணன், லைனை கட் பண்ணு."

கலைவாணன் அசையவில்லை. தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இருங்க" என்றார் ராகவன். அவருடைய குரல் மாறியிருந்தது. "ரிமோட்டைக் குடுப்பா."

"டாக்டர், அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், அப்புறமா..."

"குடுப்பா."

கலைவாணன் கொடுத்தான். ராகவன் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரு கணம் விழித்தார். மையம் திறந்ததிலிருந்து அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர், ஒரு நாளும் ரிமோட்டைத் தொட்டதில்லை.

"எதை அழுத்தணும், ஜெனிட்டா?"

"மெனு."

"ம்."

"கீழ மூணாவது. பிக்சர்னு இருக்கும். உள்ள போனா ரெட்."

"வந்திருச்சு. அறுபத்தெட்டுன்னு காட்டுது."

"எறக்குங்க."

அமிர்தவல்லி தன் கையிலிருந்த தாளை நான்காக மடித்து, பேனாவையும் சேர்த்து மேஜை மேல் வைத்தாள். கையெழுத்து இடவில்லை. சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"அறுபத்தஞ்சு" என்றார் ராகவன். பிறகு, "அறுபத்திரெண்டு." ராமானுஜம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கேமராவை விட்டு வெளியே போனார். "அம்பத்தெட்டு" என்றார் ராகவன். அதற்கு அடுத்த எண் வரவில்லை. விரல் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

அவருக்கு எதிரில் இருக்கும் திரை ஜெனிட்டாவுக்குத் தெரியாது. அவருடைய முகம்தான் தெரிந்தது. அந்த முகத்தில் முதலில் புருவம் இறங்கியது. பிறகு வாய் லேசாகத் திறந்தது. ரிமோட் மெல்ல மேஜைக்கு இறங்கியது. புடவை வெளுத்துவிட்டது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

தோப்புக்கு அப்பால் சர்ச் மணி அடிக்கத் தொடங்கியது. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பாஸ்டர் சீக்கிரமே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"ஜெனி, பெட்டிய தூக்கிடப் போறாங்க. வா" என்றாள் அமிர்தவல்லி.

ஜெனிட்டா எழுந்திருக்கவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவும் இல்லை. அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.